அது தண்டமல்ல, நிறுவனம் அனுப்பிய பில்: கார் பார்க் கடிதத்துக்குப் பதில் எழுதுவது எப்படி?

கடைக்குப் போய் வந்து பத்து நாளாகிவிட்டது. வாங்கிய மரக்கறியெல்லாம் சமைத்து முடிந்துவிட்டது. அப்போதுதான் கதவடியில் அந்தக் கடிதம் வந்து விழுகிறது. பிரித்தால் உங்கள் காரின் இரண்டு படங்கள்; ஒன்றில் உள்ளே வந்த நேரம், மற்றதில் வெளியே போன நேரம். கீழே தடித்த எழுத்தில் 100 பவுண். 14 நாட்களுக்குள் கட்டினால் 60.

பிரித்தானியாவில் உள்ள நம் வீடுகளில் இந்தக் கடிதத்துக்கு இரண்டு முடிவுகள்தான். விசாவுக்கோ பிரஜாவுரிமைக்கோ பங்கம் வந்துவிடுமோ என்று பயந்து அன்றைக்கே கட்டிவிடுகிறார்கள். அல்லது, “தனியார் கடிதம்தானே, கிழித்துப் போடு” என்று யாரோ சொன்னதைக் கேட்டு எறிந்துவிடுகிறார்கள். இரண்டும் நட்டம். பதில் எழுதுபவருக்கு மட்டும்தான் இதில் வழி இருக்கிறது.

யார் அனுப்பியது?

முதலில் தலைப்பை வாசியுங்கள். கவுன்சில் அனுப்புவது ‘பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ்’. அது சட்டப்படியான தண்டம். கடைத்தொகுதியின் தரிப்பிடத்தை நடத்தும் தனியார் நிறுவனம் அனுப்புவது ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்’. சுருக்கினால் இரண்டுமே பி.சி.என். அதனால்தான் இவ்வளவு குழப்பம். இரண்டாவது ஒரு பில் மட்டுமே. அறிவிப்புப் பலகையில் உள்ள நிபந்தனைகளை ஏற்றுக் காரை நிறுத்தினீர்கள், பின்னர் அவற்றை மீறினீர்கள் என்பதே அவர்கள் வாதம். இது சிவில் விவகாரம். பொலிஸ் பதிவில் ஏறாது.

உங்கள் முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? வாகனப் பதிவுகளை வைத்திருக்கும் டி.வி.எல்.ஏ. என்ற அரச அமைப்பு, ஒரு பதிவுக்கு 2.50 பவுண் வாங்கிக்கொண்டு கொடுக்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான பதிவுகள் இப்படிப் போகின்றன.

“கிழித்துப் போடு” ஏன் ஆபத்து?

2013 ஏப்ரலில், செம்ஸ்போர்ட் நகரின் ரிவர்சைடு கடைத்தொகுதியில் பேரி பீவிஸ் என்பவர் காரை நிறுத்தினார். இரண்டு மணி நேரம் இலவசம். அவர் 56 நிமிடம் கூடுதலாக நின்றதால் தரிப்பிடத்தை நடத்திய நிறுவனம் 85 பவுண் கேட்டது. இது நியாயமற்ற தண்டம் என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பர் 4 அன்று, ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர். அதாவது, இப்படியான பில்லை நீதிமன்றம் ஏற்கக்கூடும். ஆனால் பலகைகள் பெரிதாக, தெளிவாக இருந்தன என்பது அந்தத் தீர்ப்பில் முக்கியமான ஒரு காரணம். உங்கள் தரிப்பிடத்தில் பலகை சிறிதாக, இருட்டில், மரத்துக்குப் பின்னால் இருந்தால் அதே தீர்ப்பு உங்களுக்குக் கைகொடுக்கக்கூடும்.

திகதியை எண்ணுங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம், கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடம் பணம் கேட்க நிறுவனத்துக்கு வழி தருகிறது. ஆனால் அதற்கு விதிகள் உண்டு. கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல், கமராப் படத்தை வைத்துத் தபாலில் அனுப்பினால், காரை நிறுத்திய மறுநாளிலிருந்து 14 நாட்களுக்குள் கடிதம் கிடைத்திருக்க வேண்டும். தபாலில் போட்டபின் இரண்டாவது வேலைநாளில் கிடைத்ததாகச் சட்டம் கொள்கிறது. பிந்தினால், ஓட்டியவரிடம் மட்டுமே கேட்கலாம்; பதிவில் உள்ளவரிடம் இந்தச் சட்டப்படி கேட்க முடியாது.

ஓட்டியவர் யார் என்று தனியார் நிறுவனத்திடம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆகவே “நான் காரை விட்டேன்” என்று தொடங்காமல், “இந்தக் காரின் பதிவு என் பெயரில் உள்ளது” என்று தொடங்குங்கள். பொய் எதுவும் எழுத வேண்டாம். கட்டாயமில்லாததைச் சொல்லாமல் விட்டால் போதும். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இந்தச் சட்டப்பகுதி செல்லாது.

எதைச் சொல்லி மறுக்கலாம்?

கமரா பார்ப்பது வாசலை மட்டும்தான். சனிக்கிழமை நெரிசலில் இடம் தேடிச் சுற்றிய நேரமும், வெளியேற வரிசையில் நின்ற நேரமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வந்துபோனவரின் இரண்டு வருகைகளை ஒரே நீண்ட வருகையாகக் காட்டுவதும் உண்டு. இடையில் வேறெங்காவது வாங்கிய பற்றுச்சீட்டோ வேலையிடப் பதிவோ இருந்தால், அதுவே சாட்சி.

நிறுவனங்களின் நடைமுறைக் கோவைப்படி, நேரம் முடிந்தபின் குறைந்தது 10 நிமிடச் சலுகை தர வேண்டும். காரின் இலக்கத்தைத் தட்டும்போது ஓர் எழுத்து மட்டும் பிழைத்திருந்தால் பில்லை நீக்க வேண்டும். டெர்பி நகரில், முழுப் பணமும் கட்டிய ஒரு பெண்ணிடம், ஐந்து நிமிடத்துக்குள் கட்டவில்லை என்று 1,900 பவுணுக்கு மேல் கேட்டதால் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2025 பெப்ரவரியில் கோவை திருத்தப்பட்டது. இப்போது, கமரா உள்ள தரிப்பிடத்தில் வெளியேறும் முன் கட்டிவிட்டால், தாமதத்தைக் காட்டிப் பில் அனுப்பக் கூடாது.

வயோதிபமோ உடல் இயலாமையோ காரணமாக நேரம் கூடியிருந்தால் அதையும் எழுதுங்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான விட்டுக்கொடுப்புகளைச் செய்யும்படி கடைகளையும் தரிப்பிடங்களையும் கேட்கிறது.

யாருக்கு எழுதுவது?

முதல் ஆள் கடை முகாமையாளர். பற்றுச்சீட்டையோ வங்கிக் கணக்கின் பதிவையோ காட்டி, “உங்கள் வாடிக்கையாளர் நான், இதை நீக்கச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். பல விவகாரங்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன.

அதே வாரத்தில் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். பொதுவாக 28 நாள் அவகாசம் உண்டு. ஆனால் 14 நாட்களுக்குள் எழுதினால், அவர்கள் மறுத்தாலும் சலுகைத் தொகையைக் கட்ட மீண்டும் 14 நாள் தர வேண்டும். பலகைகளைப் படம் எடுத்து இணையுங்கள்.

நிராகரித்தால் அடுத்தது சுயாதீன மேன்முறையீடு. நிறுவனம் எந்தத் தரிப்பிடச் சங்கத்தின் உறுப்பினரோ அதைப் பொறுத்து, பொப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்ற அமைப்பு அதை விசாரிக்கும். எது என்பது நிராகரிப்புக் கடிதத்திலேயே இருக்கும். பொப்லாவுக்கு 28 நாள் அவகாசம், கட்டணம் இல்லை. நீங்கள் வென்றால் நிறுவனம் பில்லைக் கைவிட்டே ஆக வேண்டும். தோற்றால் சலுகைத் தொகை போய்விடும். ஆனால் கட்டும்படி உத்தரவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே.

சிவப்பு எழுத்துக் கடிதங்கள்

இதற்குப் பிறகு கடன் வசூலிப்போர் எழுதலாம். தொகை 170 பவுணாக ஏறியிருக்கும். இவர்கள் நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றும் ‘பெயிலிஃப்’ அல்லர். இந்தப் பில்லுக்காக, நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் வீட்டுக்கு வந்து பொருளைத் தூக்க எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் வழக்குக்கு முந்திய கடிதம் வேறு. அதற்குப் பதில் எழுத 30 நாள் உண்டு. அதையும் தாண்டி நீதிமன்றப் படிவம் வந்தால், அது கிடைத்ததை 14 நாட்களுக்குள் நீதிமன்றத்துக்கு அறிவியுங்கள். அப்போது எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். பேசாமல் இருந்தால் விசாரணை இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது ஆறு ஆண்டு உங்கள் கடன் பதிவில் நிற்கும். வீட்டுக்கடன் கேட்கும்போது குறுக்கே வரும். வீடு மாறியவர்கள் வாகனப் பதிவில் முகவரியை மாற்ற மறப்பதால், வழக்கு நடந்ததே தெரியாமல் இதில் மாட்டுகிறார்கள்.

2019இல் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 2022இல் அரசு வெளியிட்ட கோவை, சில மாதங்களிலேயே மீளப்பெறப்பட்டது. ஆகவே இன்று கையில் இருப்பது நிறுவனங்கள் தாமே எழுதிய கோவைதான். அதைப் படித்தவருக்கு மட்டுமே அது பயன்படுகிறது. ஆங்கிலம் தடுமாறும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது பயன்படுவதில்லை. இந்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனால், வானொலிப் பெட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் கடிதங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். திகதியை எண்ணுங்கள். அவர்களோடு உட்கார்ந்து பதிலை எழுதுங்கள்.