சத்தம் கேட்டா நில்லுங்கோ

கீரிக் கடற்கரையில் வெயில் இறங்கியதும் கழுதைகள் வரும். பனை வடலிகளுக்கு நடுவே மூக்கை மணலோடு மணலாக வைத்து, பச்சையாகத் தெரிவதையெல்லாம் ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு நகரும். குதிரை பார்க்க நெடுந்தீவுக்குத்தான் போகவேண்டும். மன்னார்த் தீவில் குதிரைக் குடும்பத்துக்கு இந்தக் கழுதைகள்தான். இவை மேயும் அதே மணலில் சுருட்டைப் பாம்பும் பாதி உடம்பைப் புதைத்துக் கிடக்கிறது.

பெரும்பாலும் ஒரு முழத்தைத் தாண்டாத பாம்பு. மிரண்டால் பிறை பிறையாக வளைந்து, உடம்பின் மடிப்புகளை எதிரெதிராகத் தேய்க்கும். விலாப்பக்கச் செதில்களில் அரம்போலப் பற்கள் இருக்கின்றன. அவை உரசும்போது, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல 'சர்ர்' என்று சத்தம் வரும். மூச்சு விட்டுச் சீறினால் உடம்பின் ஈரமும் கூடவே போய்விடும். செதிலை உரசினால் போகாது. வறண்ட நிலத்துப் பாம்பு இந்த வழிக்கு வந்ததற்கு அதுவே காரணமாகலாம் என்ற கருத்து ஆய்வாளர்களிடம் உண்டு.

"தம்பி, சத்தம் கேட்டா உடன காலத் தூக்காதேங்கோ. எங்க கிடக்கெண்டு முதல்ல பாருங்கோ" என்று கரைவலைக்காரர் ஒருவர் எனக்குச் சொன்னார். அமெரிக்காவில் குதிரைச் சவாரி போகிறவர்களுக்குச் சொல்லப்படுவதும் இதேதான். அங்கே எச்சரிப்பது கிலுகிலுப்பைப் பாம்பு. அதன் வால் நுனியில் நம் நகத்தைப்போன்ற கெரட்டின் வளையங்கள் கோத்திருக்கும். தோலுரிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடும்; பழையவை உடைந்தும் விழும். அதனால் வளையத்தை எண்ணி வயது சொல்ல முடியாது.

2021இல் ஆய்வாளர் போரிஸ் சாக்னோவின் குழு அந்தக் கிலுகிலுப்பைச் சத்தத்தை அளந்து பார்த்தது. ஆள் நெருங்க நெருங்க வாலின் அதிர்வு நொடிக்கு 40 தடவை வரை படிப்படியாக ஏறுகிறது. பிறகு திடீரென்று 60க்கு மேல் தாவுகிறது. கேட்கிறவருக்குப் பாம்பு உண்மையில் இருப்பதைவிடக் கிட்டத்தில் வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. நஞ்சு இரை பிடிக்கத் தேவைப்படுவது. மிதிக்க வரும் குளம்புக்கு அதைச் செலவழிப்பதைவிடச் சத்தம் போட்டு விலக வைப்பது பாம்புக்கு லாபம்.

ஆனால் குதிரை எப்போதும் விலகுவதில்லை. என்னவென்று பார்க்கத் தலையைத் தாழ்த்தும், கடி மூக்கில் விழும். மனிதருக்கு மூக்கு அடைத்தால் வாய் இருக்கிறது. குதிரையின் மெல்லண்ணம் நீண்டு தொண்டையை மறித்து நிற்பதால் அதற்கு வாய்வழி மூச்சு கிடையாது. நஞ்சு வேலை செய்து முடிக்குமுன்பே, வீங்கிய நாசித் துளைகள் மூடி மூச்சுத் திணறிச் சாகலாம். அதனால்தான் கால்நடை மருத்துவர்கள் வீக்கம் ஏறுமுன் நாசிக்குள் குழாய் செருகிவிடுகிறார்கள். கழுதைக்கும் இதே மூக்குத்தான்.

இதே குதிரையின் இரத்தம்தான் பாம்புக் கடிபட்ட மனிதரைக் காப்பாற்றுகிறது. 1890களில் பிரெஞ்சு மருத்துவர் அல்பேர் கால்மெட் தொடங்கிவைத்த முறை அடிப்படையில் இன்னும் மாறவில்லை: குதிரைக்கு நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். இலங்கை வைத்தியசாலைகளில் நெடுங்காலமாக ஏற்றப்படுவது இந்தியாவில் தயாராகும் கூட்டு மருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்குக்கும் அது பொது. அதற்கான நஞ்சில் பெரும்பங்கு, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போனது.

ஒரே இனப் பாம்பென்றாலும் ஊருக்கு ஊர் நஞ்சு மாறும். யாழ்ப்பாணத்துச் சுருட்டைக் கடிகளைப் பற்றி 2011இல் வந்த மருத்துவ ஆய்வில், பாதிப்பு பெரும்பாலும் கடுமையற்றதாகவே காணப்பட்டது. சிலருக்கு இரத்தம் உறைவது கெடுகிறது என்பதால் அதைச் சின்னக் கடி என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நஞ்சு இப்படி ஊருக்கு ஊர் மாறுவதால், இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக்கொண்டே மருந்து செய்யவேண்டும் என்று இங்குள்ள மருத்துவர்கள் கேட்பது முழுக்க நியாயம். மன்னார் மணலில் கிடக்கும் சுருட்டையின் நஞ்சை அக்கரைக் குதிரைகள் அறியா.