ஊதியப் பட்டியலும் உரிமைச் சட்டமும்: இந்தியாவின் தகவல் அறியும் உரிமை குறித்து ஒரு பார்வை

முன்னுரை

அரசு ஆவணங்கள் யாருக்கு உரியவை? மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு எழுதப்படும் ஆவணங்களை அம்மக்களே காண இயலாத நிலை நெடுங்காலம் இயல்பாகவே கருதப்பட்டது. சுவீடன் 1766ஆம் ஆண்டிலேயே இதனை மாற்றச் சட்டம் இயற்றியது. எனினும், இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தோன்றிய வரலாறு தனித்தன்மை வாய்ந்தது. அவ்வுரிமையை முன்னின்று கோரியவர்களுள் எழுத்தறியாக் கூலித் தொழிலாளர்களும் இருந்தனர்.

சட்டத்தின் தோற்றம்

ராஜஸ்தானில் 1990ஆம் ஆண்டில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு உருவாயிற்று. அருணா ராய் அதன் நிறுவனர்களுள் ஒருவர். அரசுப் பணிகளில் உழைத்தோருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி வழங்கப்படவில்லை. காரணம் வினவியபோது, அவர்கள் முழு வேலையும் செய்யவில்லையெனப் பதிவேடு கூறுவதாக விடை கிடைத்தது. அப்பதிவேட்டைக் காட்டுமாறு கேட்டபோது, அஃது அரசின் இரகசியம் என மறுக்கப்பட்டது.

1994 டிசம்பரில் தொடங்கிய பொது விசாரணைகளில், கைக்குக் கிட்டிய ஊதியப் பட்டியல்கள் ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. இறந்தோர் பெயரிலும் கூலி வழங்கப்பட்டதாகக் கணக்கு எழுதப்பட்டிருந்தமை அவ்வாறே வெளிப்பட்டது. ஏட்டைப் படிக்க இயலாதோரும், கேட்ட மாத்திரத்தில் அதன் பொய்ம்மையை உணர்ந்தனர். 1996இல் பியாவர் நகரில் 40 நாள் அறப்போராட்டம் நிகழ்ந்தது. 1997இல் தமிழ்நாடு, இந்திய மாநிலங்களுள் முதன்முதலாக இத்தகைய சட்டத்தை இயற்றியது. ஆயினும் விதிவிலக்குகள் மிகுந்திருந்தமையால் அதன் பயன் குறைவே.

சட்டத்தின் இயல்புகள்

2005 அக்டோபர் 12இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த நடுவண் சட்டத்தின்படி, விண்ணப்பதாரர் காரணம் கூற வேண்டியதில்லை. ஆங்கிலம், இந்தி அல்லது அவ்வட்டார ஆட்சிமொழியில் விண்ணப்பிக்கலாம்; ஆகவே தமிழ்நாட்டில் தமிழிலேயே கேட்கலாம். எழுத இயலாதோர் வாய்மொழியாகக் கூறுவதை எழுத்தில் வடிக்கப் பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும். 30 நாள்களுக்குள்ளும், உயிர் அல்லது சுதந்திரம் பற்றியதாயின் 48 மணி நேரத்திற்குள்ளும் விடை தரப்பட வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால், நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலருக்கு அபராதம் உண்டு. 1923ஆம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டத்தோடு முரண்படுமிடத்து இச்சட்டமே மேலோங்கும்.

இவ்விடத்தில் ஒரு சிக்கலும் எண்ணத்தக்கது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தகவலுக்கான விதிவிலக்கை விரிவாக்கியது. ஊதியப் பட்டியலில் உள்ள பெயர்களும் தனிப்பட்ட தகவல்களே. பெயர்களை மறைத்துவிட்டால் அன்றைய பொய்க் கணக்குகள் வெளிப்பட்டிருக்குமா? பொதுநலன் மேலோங்குமாயின் தகவலை வெளியிடலாம் என்னும் பொதுவிதி சட்டத்தில் உண்டு. எனினும் அதனை எடைபோடும் பொறுப்பு முதலில் அலுவலரையே சாரும்.

முடிவுரை

மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டத்திற்கு 1986இல் செய்யப்பட்ட திருத்தம், ஓர் ஆவணம் இரகசியமெனத் தரப்படும் சான்றிதழை நீதிமன்றத்தில் வினவ இயலாததாக்கியது. சிலாங்கூர் 2011இல் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது; பினாங்கும் அத்தகைய சட்டத்தை நிறைவேற்றியது. இவற்றை ஆராய்வோர் விதிகளை மட்டும் ஒப்பிட்டால் போதாது; எளியோர் தம் மொழியில் கேட்டு, தமக்குப் புரியும் வகையில் விடை பெறுகின்றனரா என்பதையும் நோக்குதல் வேண்டும். ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள் நமக்கு உணர்த்தும் பாடம் அதுவேயாகும்.