பிறந்தநாளுக்கு போட்டிங் போறீங்களா? கேக் வெட்டும் முன் இதை படிங்க!

கிருமாம்பாக்கம்:

பிறந்தநாள் கொண்டாட்டம் என்பது ஒரு காலத்தில் சின்ன பிள்ளைகளுக்கு மட்டும்தான். புது டிரஸ், கோவிலில் அர்ச்சனை, பள்ளிக்கூடத்தில் சாக்லேட், அத்தோடு சரி. இப்போது காலம் மாறிவிட்டது. கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் வாலிபர்கள் முதல் கல்யாணமாகி பிள்ளை குட்டி பெற்றவர்கள் வரை நண்பர்கள் பட்டாளத்துடன் வெளியே போய் ஜாலியாக கேக் வெட்டுகிறார்கள். உழைக்கிறவனுக்கு வருஷத்தில் ஒருநாள் சந்தோஷம் வேண்டாமா? தாராளமாக கொண்டாடலாம். ஆனால் போன பத்து பேரும் முழுசாக வீடு திரும்ப வேண்டும். அதற்கு சில விஷயங்களை தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கைக்கெட்டும் தூரத்தில் சுண்ணாம்பாறு

கிருமாம்பாக்கம், பாகூர் பகுதி வாலிபர்களுக்கு பக்கத்திலேயே இருப்பது நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு படகு குழாம்தான். கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் தாண்டினால் வந்துவிடும். புதுச்சேரி டவுனில் இருந்து சுமார் 8 கிலோமீட்டர். புதுவை சுற்றுலா வளர்ச்சி கழகம் நடத்தும் இடம் இது.

செஞ்சி பக்கம் இருந்து வரும் சங்கராபரணி ஆறு கடலில் சேரும் முன் பிரிகிற ஒரு கிளைதான் சுண்ணாம்பாறு. இங்கு காலால் மிதிக்கும் படகு, துடுப்பு படகு, மோட்டார் படகு எல்லாம் உண்டு. பெரிய படகில் ஏறினால் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள பாரடைஸ் பீச்சில் இறக்கி விடுவார்கள். கட்டணம் அவ்வப்போது மாறும். கவுண்டரில் உள்ள போர்டை பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். கடைசி படகு எத்தனை மணிக்கு என்பதையும் அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லைப் ஜாக்கெட் அலங்காரம் அல்ல

"எனக்கு நீச்சல் தெரியும்டா மச்சி, ஜாக்கெட் எதுக்கு?" படகில் ஏறும்போது இப்படி ஒருவராவது சொல்லாமல் இருப்பதில்லை. ஆனால் படகு கவிழும்போது தலையில் அடிபடலாம். பயந்துபோன நண்பர்கள் கழுத்தை கட்டிக்கொள்ளலாம். அப்போது நீச்சல் தெரிந்தவரும் மூழ்கி விடுவார்.

2011-ம் ஆண்டு டிசம்பர் 25-ந்தேதி கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரிக்கு ஜாலியாக சென்ற உறவினர்கள் படகு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். அவர்கள் லைப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. 2023-ம் ஆண்டு மே 7-ந்தேதி கேரள மாநிலம் தானூரில் இருட்டும் நேரத்தில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலா படகு கவிழ்ந்தது. அதிலும் 22 உயிர்கள் போயின. அவர்களில் பலர் குழந்தைகள்.

ஜாக்கெட்டை சும்மா தோளில் மாட்டினால் போதாது. எல்லா கொக்கிகளையும் போட்டு, நாடாவை இழுத்து கட்ட வேண்டும். பிறகு நண்பரை விட்டு ஜாக்கெட்டின் தோள்பட்டையை மேலே இழுக்க சொல்லுங்கள். காதுக்கு மேல் ஏறினால் அது லூஸ். தண்ணீரில் விழுந்தால் கழன்று போகும். வேறு சைஸ் கேளுங்கள்.

படகில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும். செல்பி எடுக்க எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் சாய்வது கூடவே கூடாது. படகு நேராக நிற்க எடை கீழேயும் நடுவிலும் இருக்க வேண்டும். பத்து பேர் ஒரு பக்கம் எழுந்து நின்றால் எவ்வளவு பெரிய படகும் ஆட்டம் காணும். கேக் வெட்டுவதை கரைக்கு வந்து வைத்துக்கொள்ளலாம். கேக் எங்கேயும் ஓடிவிடாது.

அமைதியா இருக்கிற இடம்தான் ஆபத்து!

புதுவை கடற்கரையில் குளித்த வாலிபர்கள் அலையில் சிக்கி பலி என்ற செய்தி அடிக்கடி வருகிறது. இதற்கு காரணம் என்ன?

அலைகள் கரைக்கு கொண்டு வந்து கொட்டும் தண்ணீர் எப்படியாவது கடலுக்கு திரும்ப வேண்டும். அது மணல் திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளமான வழியாக வேகமாக உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்க்க சாதுவாக தெரியும். "இங்கே அலையே இல்லடா" என்று இறங்கினால் ஆளை உள்ளே இழுத்துவிடும்.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இன்னும் மோசம். கடல் வற்றும் நேரத்தில் ஆற்று தண்ணீரும் சேர்ந்து வெளியே பாயும். மணல் திட்டு மழைக்கு மழை இடம் மாறும். போன வருஷம் முட்டி அளவு தண்ணீர் இருந்த இடத்தில் இந்த வருஷம் ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கலாம்.

இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை பார்த்து எதிர்நீச்சல் போட்டு களைத்துப்போக கூடாது. கரைக்கு இணையாக பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகிய பிறகுதான் கரைக்கு திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையை ஆட்டி கூப்பிட வேண்டும்.

நண்பன் மூழ்குவதை பார்த்து உடனே குதிப்பதுதான் ஒரு சாவை இரண்டு சாவாக்குகிறது. கயிறு, மூடிய காலி தண்ணீர் கேன், லைப் ஜாக்கெட் என மிதப்பதை எதையாவது வீசுங்கள். அக்கம்பக்கத்தில் உள்ள மீனவர்களை சத்தம் போட்டு கூப்பிடுங்கள். 112, 108 இரண்டு எண்களுக்கும் போன் செய்யுங்கள். கடலோர காவல்படையின் அவசர எண் 1554.

சரக்கு போட்டால் தண்ணீர் பக்கம் போகாதே

பிறந்தநாள் என்றால் "ட்ரீட் எங்கே?" என்று பாட்டில் கேட்கும் கோஷ்டி எல்லா ஊரிலும் உண்டு. சரக்கு உள்ளே போனால் தைரியம் கூடும், நிதானம் குறையும். கையும் காலும் சொன்னதை கேட்காது. தண்ணீரில் விழுந்தால் மூச்சை அடக்கவும் முடியாது. குடித்தவரை படகில் ஏற்றாமல் இருப்பதுதான் நட்பு.

பம்ப்ஸ் என்ற பெயரில் பிறந்தநாள்காரரை தூக்கிப்போட்டு உதைப்பதும் வேண்டாம். வயிறு, விலா, முதுகுத்தண்டில் படும் உதை ஆஸ்பத்திரி வரை கொண்டு போகும்.

ஸ்பிரேயும் மெழுகுவர்த்தியும்

கேக் வெட்டும்போது முகத்தில் நுரை ஸ்பிரே அடிப்பது பேஷனாகி விட்டது. அந்த டப்பாவில் நுரையை வெளியே தள்ளுவது பெரும்பாலும் எளிதில் தீப்பிடிக்கும் வாயு. மெழுகுவர்த்தி எரியும்போது அடித்தால் நொடியில் தீ முகத்துக்கு தாவும். மெழுகுவர்த்தியை அணைத்து எடுத்து வைத்த பிறகே ஸ்பிரே.

கேஸ் பலூனிலும் உஷார். ஹீலியம் தீப்பிடிக்காது, ஆனால் விலை அதிகம். மலிவாக கிடைப்பது ஹைட்ரஜன். தீப்பொறி பட்டால் வெடித்து எரியும். 2020-ம் ஆண்டு செப்டம்பரில் பிரதமர் மோடி பிறந்தநாள் விழாவில் சென்னை பாடியில் கேஸ் பலூன்கள் வெடித்து கட்சியினர் பலர் காயம் அடைந்தனர்.

வாசல் எங்கே என்று பாருங்க

மொட்டை மாடி ஓட்டல், கேம் சென்டர் என உள்ளே கொண்டாடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மெனு கார்டு அல்ல, வெளியே போகும் வழி. மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் 2017-ம் ஆண்டு டிசம்பர் 29-ந்தேதி நள்ளிரவுக்கு பிறகு மொட்டை மாடி விடுதியில் தீப்பிடித்தது. 14 பேர் இறந்தனர். நண்பர்களுடன் தன் பிறந்தநாளை கொண்டாட வந்த இளம்பெண்ணும் அதில் ஒருவர். வழி தெரியாமல் கழிவறைக்குள் ஒதுங்கிய பலர் புகையில் மூச்சு திணறி இறந்தார்கள். 2024-ம் ஆண்டு மே 25-ந்தேதி குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் தீயணைப்பு துறை அனுமதி இல்லாமல் நடந்த கேம் சென்டர் எரிந்து 27 பேர் பலியானார்கள்.

எனவே போனதும் இரண்டு வாசல் இருக்கிறதா, படிக்கட்டில் சாமான் அடைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். புகை வந்தால் குனிந்தபடி வெளியே ஓட வேண்டும். பாத்ரூமுக்குள் ஒளியக்கூடாது.

பட்டாக்கத்தி கெத்து... அப்புறம் கம்பி

சினிமா பாணியில் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி வீடியோ போடுவது கெத்து என்று சிலர் நினைக்கிறார்கள். 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை அருகே மலையம்பாக்கத்தில் ரவுடி ஒருவர் இப்படி கேக் வெட்டிய விழாவை போலீசார் சுற்றி வளைத்ததில் 70-க்கும் மேற்பட்டோர் கூண்டோடு சிக்கினர். கேக் சாப்பிட போனவர் மீதும் வழக்கு விழுந்தால் கம்பெனி வேலை, பாஸ்போர்ட் எல்லாமே சிக்கல்தான். கேக் வெட்ட பிளாஸ்டிக் கத்தி போதும்.

கடன் வாங்கி ட்ரீட் வேண்டாம்

ஒரு நாள் கூத்துக்கு செல்போன் ஆப்பில் கடன் வாங்கி ஆறு மாதம் வட்டி கட்டுகிறவர்களும் உண்டு. படகு, பிரியாணி, கேக் என்ன ஆகும் என்று முன்பே கணக்கு போட்டு ஆளுக்கு இவ்வளவு என பிரித்துக்கொண்டால் யாருக்கும் மனக்கஷ்டம் வராது. கையில் காசு இல்லாத நண்பனை விட்டுவிட்டு போகாதீர்கள். அவன் பங்கை மற்றவர்கள் போட்டால் போகிறது.

கடைசி சவாரி

ஆபத்து படகோடு முடியவில்லை. இருட்டிய பிறகு கடலூர் ரோட்டில் வேன், பஸ், லாரி பறக்கும். ஒரே பைக்கில் மூன்று பேர், ஹெல்மெட் இல்லை, ரேஸ் வேறு என்றால் சொல்லவே வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டி முதல்முறை பிடிபட்டாலே ரூ.10 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இல்லாவிட்டால் இரண்டும் கிடைக்கும். குடிக்காத ஒருவரை முதலிலேயே முடிவு செய்து பைக் சாவியை அவரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது பஸ்சும் ஷேர் ஆட்டோவும்.

கிளம்பும் முன் ஆட்களை எண்ணுங்கள். திரும்பும்போதும் எண்ணுங்கள். இரண்டு கணக்கும் ஒன்றாக இருந்தால் அதுதான் உண்மையான ஹேப்பி பர்த்டே!