சூலகம்

மேகம் நீரால் நிறைந்தால் அது சூற்கொண்டது என்பர். நெற்பயிர் கதிரீனுமுன் சூற்கொண்டது என்பர். மகளிர் உடலில் சூல் உறையும் அகமாகிய உறுப்புக்குச் சூலகம் எனப் பெயர் அமைந்ததும் இம்மரபு பற்றியே ஆகும். அதனைச் சினைப்பை எனவும் வழங்குவர்.

கருப்பையின் இருமருங்கிலும் பக்கத்திற்கு ஒன்றாக, வாதுமைப் பருப்பின் அளவில் இரு சூலகங்கள் உள்ளன. பெண்மகவு பிறக்கும்பொழுதே அவற்றில் 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட சினைமுட்டைகள் இருக்கும். பருவமெய்தும் காலத்தில் சில இலட்சங்களே எஞ்சும். வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளிப்படுவனவோ ஏறத்தாழ 400 மட்டுமே. சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் எலும்பிற்கும் உறுதி தருவது.

இத்துணைச் சிறப்புடைய உறுப்பையும் புற்றுநோய் பற்றுவதுண்டு. அடிவயிற்றின் ஆழத்தில் இருத்தலின் தொடக்கத்தில் நோய் எளிதில் புலப்படாது. வயிற்று உப்புசம், பசியின்மை, சிறிது உண்டதும் வயிறு நிறைந்த உணர்வு ஆகியன அதன் குறிகள். இவற்றைச் செரியாமை என்றெண்ணிக் காலங்கடத்துவார் பலர். நாணத்தால் மறைப்பாரும் உளர். நோயோ அதற்குள் பரவிவிடும்.

புற்றுநோயை எதிர்த்துச் சென்னையில் எழுந்த நிறுவனம் ஒன்றன் வரலாறு அறியத்தக்கது. 1923 இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மறைந்தார். அத்துயரினின்று பிறந்த உறுதியே, 1954 இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. மயிலாப்பூரில் பிறந்து, மகளிர் மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்ற சாந்தா அம்மையார், தமக்குக் கிடைத்த அரசுப் பணியை விடுத்து 1955 இல் அங்குச் சேர்ந்தார். 2021 இல் மறையும் வரை அந்நிறுவனத்தோடே வாழ்ந்தார். சென்னை மக்களிடையே காணும் புற்றுநோய்களை வகைப்படுத்திப் பதியும் பணியும் அங்கு 1981 முதல் நடைபெறுகிறது. எந்நோய் எவரிடத்து மிகுகின்றது என அறியாமல் அதனைத் தடுத்தல் இயலாதன்றோ?

ஆராய்ச்சியின் பயன் பெரிது. சிறுமியர்க்கும் இளம்பெண்களுக்கும் சூலகத்தில் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கட்டி முன்னர்ப் பெரும்பாலும் உயிரைக் கவர்ந்தது. பிளாட்டினம் கலந்த மருந்துகள் வந்தபின் அந்நிலை மாறிற்று. நோயுற்ற சூலகத்தை மட்டும் அகற்றி மருந்தளிக்க, பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். எஞ்சிய சூலகத்தால் பின்னர்த் தாய்மை எய்தியோரும் பலர். மருத்துவத்திற்கு முன்பே சூலகத் திசுவை எடுத்து உறையவைத்துப் பின்னர்ப் பொருத்தும் முறையால், பெல்ஜியம் நாட்டில் 2004 இல் ஒரு குழந்தை பிறந்தது.

மாணவர்களே! கண்நோயைச் சொல்லக் கூசுவார் இலர். சூலகமும் கண்ணைப்போல் ஓர் உறுப்பே. உங்கள் இல்லத்தில் தாயோ தமக்கையோ வாரக்கணக்கில் வயிற்று உப்புசத்தால் வருந்தினால், மருத்துவரைக் காணுமாறு வற்புறுத்துங்கள். எல்லா உப்புசமும் புற்றுநோய் அன்று. ஆயினும், ஆராய்ந்து அறிந்து அஞ்சாதிருத்தல் நன்று. அறியாது அமைதி கொள்ளுதல் தீது.