ஏலமும் குறிஞ்சியும்: நூல்வழி நடந்த இரு பெயர்கள்

மூணாற்றுக்கும் போடிமெட்டுக்கும் இடைப்பட்ட மலைநாட்டில் அமைந்த சிற்றூர் சின்னக்கானல். சரிவுகளிலே தேயிலை, சரிவு இறங்கி மர நிழல் அடர்கின்ற இடங்களிலே ஏலம், அதற்கும் மேலே புல்வெளிகளில், பன்னீராண்டுக்கு ஒருமுறை மலர்வதெனப் பெயர் பெற்ற குறிஞ்சிப் புதர்கள். கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டமே எனினும் தேயிலைக் காட்டில் தமிழ் ஒலி குறைவின்றிக் கேட்கும். இம்மலைச் செடிகளுள் இரண்டின் பெயர்களைப் பற்றியே இங்குக் கூறப் புகுகின்றோம். செடியின் பெயர் காட்டில் பிறந்தாலும் அது வாழ்வது நூல்களில் ஆகும். ஒரு நூல் பிறிதொரு நூலிலிருந்து எடுத்தாள, அதிலிருந்து மற்றொன்று எடுத்தாள, இவ்வாறே பெயர் பயணம் செய்கிறது. அப்பயணத்தில் உண்மையும் செல்லும், பிழையும் செல்லும்.

முதலில் ஏலத்தை எடுத்துக்கொள்வோம். விஞ்ஞான உலகில் இச்செடிக்கு எலட்டேரியா கார்டமோமம் என்று பெயர். இவற்றுள் பின்சொல் கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வழி வந்தது. முன்சொல்லோ நம் பக்கத்து வீட்டுச் சொல். 'ஏலத்தரி' என்னும் மலையாளச் சொல்லே ஐரோப்பிய எழுத்தில் எலட்டாரியாகி, இலத்தீன் ஈறு பெற்று எலட்டேரியா ஆயிற்று. அரி என்பது மலையாளத்தில் அரிசிக்கும் அதனை ஒத்த சிறு மணிகளுக்கும் வழங்குவது. ஆகவே ஏலத்தின் மணி என்பது இதன் பொருள். (போடிநாயக்கனூரில் ஏலக்காயை ஏலம் விடுகிறார்கள். விற்பனையைக் குறிக்கும் 'ஏலம்' போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த வேறொரு சொல். எழுத்து ஒன்றாயிருப்பதால் உறவு உண்டென்று எண்ணலாகாது. இவ்வெச்சரிக்கை குறிஞ்சியிடம் வரும்போது நமக்குப் பயன்படும்.)

மலையாளச் சொல் உலகப் பெயரானது எங்ஙனம்? கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் அச்சிட்டார். கிரேக்கரும் அரபியரும் எழுதிவைத்த ஏலமும் இந்தியச் சந்தையில் விற்கும் ஏலமும் ஒன்றுதானா என்ற வினாவை அதில் எழுப்பி வாதித்தார். நான்கே ஆண்டுகளில் குளூசியஸ் என்பார் அந்நூலை இலத்தீனில் சுருக்கி, உரையாடலைக் களைந்து, வேறு ஒழுங்கில் அமைத்து வெளியிட்டார். 1578-இல் கிறிஸ்தோபல் அக்கோஸ்தா தமது நூலுக்கு ஓர்த்தாவிடமிருந்து மிகுதியும் எடுத்துக்கொண்டார். ஐரோப்பியர் பலர் ஓர்த்தாவை நேரே படித்தவரல்லர். இவ்வழிநூல்களின் மூலமாகவே அவரை அறிந்தனர்.

அதன்பின் வந்தது மலபார்த் தோட்டம் எனப் பொருள்படும் ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ். கொச்சியில் டச்சுக் கம்பெனியின் அதிகாரியாக இருந்த ஹென்றிக் வான் ரீட் என்பவரின் முயற்சியால் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக இது வெளிவந்தது. ஏறக்குறைய 740 தாவரங்களுக்குப் படமும் விளக்கமும் இதில் உண்டு. வான் ரீட் 1691-இல் கடற்பயணத்தில் இறந்தார். ஏலத்தரியைக் கூறும் 11-ஆம் தொகுதி 1692-இல்தான் அச்சாயிற்று.

இந்நூலின் முதல் தொகுதியிலே சில சான்றிதழ்கள் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ மருத்துவர் 1675 ஏப்ரல் 20 தேதியிட்டு அளித்தது. தம் முன்னோரின் நூல்வழியும் தம் அனுபவத்தாலும் அறிந்த மூலிகைகளின் பெயர்களையும் குணங்களையும் தாம் கூறியதாக அவர் அதில் உறுதியளிக்கிறார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற கொங்கணி அந்தணர் மூவரும் வேறொரு சான்றிதழ் அளித்தனர். அச்சுதன் மலையாளத்தில் கூறியதைக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கார்னேரோ போர்த்துகீசியத்தில் எழுத, அதிலிருந்து இலத்தீன் வடிவம் பெற்றது. ஏட்டிலிருந்து வாய்க்கும், வாயிலிருந்து இரண்டு அயல்மொழிகளுக்கும் அறிவு கைமாறியது. அச்சுதனின் குடும்ப ஏடு இன்று நம் கைக்கு எட்டவில்லை. ஆயினும் அத்தகைய ஏடு ஒன்று இருந்தது என்பதையாவது அவர் வாக்குமூலத்தால் அறிகின்றோம். தமக்கு உதவியவரின் பெயரையும் கையெழுத்தையும் அச்சேற்றும் வழக்கம் அக்காலத்து ஐரோப்பிய நூலாசிரியர்களிடம் மிக அரிது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

1753-இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் தாவர இனங்களைத் தொகுத்து வெளியிட்ட நூலே இன்றும் தாவரப் பெயரீட்டுக்குத் தொடக்க எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அதன் முதற் பக்கத்திலேயே ஏலம் இடம்பெறுகிறது. லின்னேயஸ் மலபார் மண்ணை மிதித்தவரல்லர். பெயரின் கீழே வான் ரீடின் தொகுதியையும் படத்தையும் சுருக்கெழுத்தில் குறித்தார். அச்சிறு குறிப்பே ஸ்டாக்ஹோமிலிருந்து மலையாளக் கரைக்குப் போட்ட பாலம் ஆகும். இவ்வாறு 200-க்கு மேற்பட்ட இனங்களுக்கு அவர் வான் ரீடையே ஆதாரமாகக் கொண்டார். உலர்ந்த மாதிரி இல்லாத இடங்களில், அப்பழைய நூலின் செப்புத்தகட்டுப் படமே பெயருக்குரிய மூலச்சான்றாக இன்றும் ஏற்கப்படுகிறது.

லின்னேயஸ் ஏலத்தை அமோமம் என்ற பேரினத்தில் வைத்தார். ராக்ஸ்பரோ ஆல்பினியாவில் வைத்தார். பம்பாய்ச் சேவையிலிருந்த டேவிட் வைட் என்ற வைத்தியர் மலபார் ஏலத்தை விவரித்து அனுப்பிய கட்டுரை 1811-இல் லண்டன் லின்னேயச் சங்கத்து வெளியீட்டில் வந்தபோது, அதற்குக் குறிப்பெழுதிய வில்லியம் மேட்டன் இது தனிப் பேரினமே என்று முடிவு செய்தார். புதுப்பெயர் புனையாமல், வான் ரீடின் நூலிலிருந்த நாட்டுப் பெயரையே எடுத்து வைத்தார். அதனாலன்றோ சின்னக்கானல் தொழிலாளி பறிக்கும் காயின் பெயர் பாரிஸ் தாவரசாலையிலும் எழுதப்பட்டிருக்கிறது!

இனிக் குறிஞ்சி. இதன் விஞ்ஞானப் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழையின் பெயரால் இது அமைந்தது என்று எத்தனையோ கட்டுரைகளிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் காணலாம். கேட்பதற்கு இனிய செய்தி. பாரத மாதா குந்தி, அவள் பெயரால் ஓர் ஆறு, ஆற்றின் பெயரால் ஒரு மலர். ஆயின் இது பொருந்தாது. இச்செடிக்கு முதன்முதலில் பெயரிட்டவர் ஜெர்மானியத் தாவர நூலறிஞர் நேஸ் ஃபான் எசன்பெக், ஆண்டு 1832, வாலிக் வெளியிட்ட ஆசியத் தாவர நூலின் மூன்றாம் தொகுதியில். அவர் இட்ட பெயர் பிளெபோபில்லம் குந்தியானம். தாமஸ் ஆண்டர்சன் பின்னர் அதை ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்துக்கு மாற்றினார். 'இயானா' என்னும் ஈறு மனிதர் பெயரோடு சேர்வது. ஆறு, ஊர் முதலியவற்றுக்குப் பெரும்பாலும் 'என்சிஸ்' என்ற ஈறே வரும். நேசின் காலத்தவரும் நாட்டினருமான கார்ல் சிகிஸ்முண்ட் குந்த் (1788–1850), ஹம்போல்ட்டின் அமெரிக்கத் தாவரங்களை விவரித்துப் பெரும்புகழ் பெற்றவர். மலர் தாங்கி நிற்பது அவர் பெயரையே. நமது புழையின் பெயரும் ஜெர்மானியரின் பெயரும் ஒத்தொலித்தமை தற்செயல்.

எவரோ ஒருவர் ஊகித்து எழுதினார். அடுத்தவர் அதைச் சரிபாராமல் எடுத்தாண்டார். பத்துப் பேர் எழுதிய பின்னர், பத்துப் பேர் எழுதியதே ஆதாரமாகிவிட்டது. இத்தகைய பரவலை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் மிகையில் சிம்கின், வாணி ராய்சௌதுரி என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. புகழ்பெற்ற பௌதிகக் கட்டுரை ஒன்றைச் சுமார் 4,300 கட்டுரைகள் மேற்கோளாகக் காட்டியிருந்தன. அவற்றுள் 196 இடங்களில் ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகிய எண்களில் பிழை இருந்தது. ஒவ்வொருவரும் தாமே மூலத்தைப் பார்த்துத் தாமே தவறியிருப்பின் பிழைகள் பலவகையாக இருந்திருக்கும். ஆனால் வெவ்வேறான பிழைகள் 45 மட்டுமே; ஒரே பக்கப் பிழை 78 முறை வந்திருந்தது. மூலத்தைக் காணாது பிறர் பட்டியலிலிருந்து பெயர்த்தெழுதியதற்கு வேறு சாட்சி வேண்டுமோ? மேற்கோள் காட்டியவருள் மூலத்தைப் படித்தோர் சுமார் 20 விழுக்காட்டினரே என்று அவர்கள் மதிப்பிட்டனர். அம்மதிப்பீடு மிகக் கடுமையானதென்று கூறுவோரும் இருக்கலாம்; 78 என்ற எண்ணை மறுப்பது எளிதன்று.

ஏடு பெயர்த்தெழுதியவர்களின் பொதுப்பிழைகளைக் கொண்டு எவ்வேடு எதன் வழி வந்தது என்று காண்பது பதிப்பாசிரியர்களின் பழைய உத்தி. குறிஞ்சியின் பெயராலேயே தமிழில் நடந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை வரிசைப்படுத்துவது. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முற்பட்ட காலத்தில், அவருக்குக் கிடைத்த ஏடுகளில் அம்மலர்ப் பகுதி சிதைந்திருந்தது. தருமபுர ஆதீனத்தில் தேடியபோது அப்பகுதி முழுமையாக அமைந்த ஏடு கிட்டிற்று. 1889-இல் நூல் வெளிவந்தது. அவ்வேடு கிடையாதிருப்பின், எத்தனை மலர்கள் நமக்குப் பெயரளவிலும் இல்லாமற் போயிருக்கும்! முதல், வழி, சார்பு என்று நூல்களை மூவகையாக நன்னூலார் பிரித்தமைக்கும் இங்கே ஒரு பயன் தோன்றுகிறது. வழிநூல் இழிந்ததன்று, தான் எதன் வழி என்பதை மறைப்பதே இழுக்கு.

இத்தொடர்பையே கருவியாக்கும் முயற்சி சென்ற நூற்றாண்டில் எழுந்தது. ஒரு கட்டுரையைப் பின்னர் யார் யார் எடுத்தாண்டனர் என்று காட்டும் அட்டவணையை அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் முன்மொழிந்தார். 1964 முதல் அது முறையாக வெளிவரலாயிற்று. அமெரிக்க வழக்கறிஞர்கள் பழைய தீர்ப்பு இன்னும் செல்லுமா என்று பார்க்க 1873 முதல் பயன்படுத்திவந்த அட்டவணையே அவருக்கு முன்மாதிரி. இன்று கணினித் திரையில் ஒரு குறிப்பைத் தொட்டால் மூலப்பக்கம் கண்முன் வருகிறது. வாலிக்கின் 1832 நூலும் வான் ரீடின் தொகுதிகளும் படமெடுக்கப்பட்டு எவரும் காணும்படி வைக்கப்பட்டுள்ளன. குந்திப்புழைக் கதையைச் சோதிக்க ஒரு மணி நேரம் போதும். ஆனாலும் கதை நிற்கவில்லை.

கோழிக்கோட்டுப் பேராசிரியர் கா. சு. மணிலால் வேறு வகையில் சோதித்தார். மலபாரிக்குஸ் கூறும் செடிகளை மூன்று பதிற்றாண்டுகளுக்கு மேலாகக் காட்டிலே தேடித் திரட்டி, ஏறக்குறைய அனைத்தையும் நேரிற்கண்டு இனம் காட்டினார். நூல் பிறந்து 300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் இலத்தீன் உரை முழுமையாக ஆங்கிலத்தில் இல்லாதிருந்தது. அவருடைய மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது. அதன்பின் மலையாளப் பதிப்பும் வந்தது. இட்டி அச்சுதன் மலையாளத்தில் சொன்னது, போர்த்துகீசியம், இலத்தீன், ஆங்கிலம் என்று சுற்றி, 2008-இல் அவருடைய ஊராரின் மொழிக்கே திரும்பிற்று.