தண்டவாளத்துக்குள் ஒரு சத்தம்

மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போம் இல்லையா? 'ணங்'னு வந்தா நல்ல பானை. 'டொப்'னு வந்தா எங்கேயோ விரிசல். அம்பாத்துரைப் பக்கம், திண்டுக்கல்–மதுரை தடத்தில் இதே வேலையைத் தண்டவாளத்துக்குச் செய்வதைப் பார்த்தேன். நாலைந்து பேர் ஒரு சின்ன வண்டியைத் தண்டவாளத்தின் மேலேயே தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் ஒரு திரை, ஒரு தண்ணீர் கேன்.

தண்ணி குடிக்க இல்லை. வண்டிக்கு அடியில் உள்ள புரோப்கள் நொடிக்கு 20 முதல் 40 லட்சம் அதிர்வுள்ள, நம் காதுக்கு எட்டாத ஒலியை எஃகுக்குள் அனுப்புகின்றன. நடுவில் மயிரிழை காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் தண்ணீர்.

எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 172 மி.மீ. அடியைத் தொட்டுத் திரும்ப, நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 58 பங்குதான் ஆகும். அதற்கு முன்பே எதிரொலி வந்துவிட்டால் நடுவில் ஏதோ இருக்கிறது.

நேராக மட்டும் கேட்டா போதாது. தண்டவாளத்தை முறிக்கிற மோசமான விரிசல் அதன் தலைப்பகுதியில் குறுக்காக, சுவர் மாதிரி நிற்கும். மேலிருந்து இறங்கும் ஒலி அதை ஒட்டியே நழுவிப் போய்விடும். அதனால்தான் 70 டிகிரி சாய்வில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. 1911ல் நியூயார்க் மாநிலத்து மான்செஸ்டரில் ரயில் கவிழ்ந்து 29 பேர் இறந்ததற்குக் காரணம், வெளியே தெரியாத இப்படியொரு குறுக்கு விரிசல்.

எனக்கு உறுத்துவது வேறு. நேராகப் போகும் ஒலி நடுத்தண்டு வழியாகத்தான் கீழே இறங்கும். இருபுறமும் அகன்று விரிந்த பாதத்தின் ஓரங்களுக்கு அது போகவே போகாது. கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் ஈரம் தங்கித் துருப்பிடிப்பதோ அந்த ஓரத்தில்தான்! பற்றவைத்த இடங்களில் பாதத்தைத் தனியாகக் கையால் புரோப் வைத்துச் சோதிப்பது உண்டு. மற்ற இடங்களில் கண்தான் கருவி. 'மெஷின் வந்தாச்சே, இனி கீமேன் எதுக்கு?' என்று கேட்பவர்கள், அவர் தினமும் நடந்து குனிந்து பார்ப்பது எதை என்று ஒருநாள் கூடவே போய்ப் பார்க்கலாம்.

பழுது தெரிந்தால் நடுத்தண்டில் சிவப்பு பெயின்ட்டில் பெருக்கல் குறி போடுவார்கள். ஒன்று என்றால் கண்காணிக்க வேண்டியது. மூன்று என்றால் உடனே மாற்ற வேண்டியது. மாற்றும்வரை அந்த இடத்தில் மணிக்கு 30 கி.மீ.தான். வைகை எக்ஸ்பிரஸ் காரணமே இல்லாமல் ஊர்ந்தால் முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது ஜன்னல் வழியாகப் பக்கத்துத் தண்டவாளத்தில் சிவப்பு தெரிகிறதா என்று தேடுகிறேன்.