சேவற்கட்டை வரைந்த அரசவை ஓவியர்

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கடப்பாக்கம் வரும். அங்கே கழிமுகத்தின் ஓரம் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஆற்காடு நவாபுகள் காலத்துக் கோட்டை அது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1760-இல் ஆங்கிலேயர் தகர்த்தார்கள். இந்தச் சீமையின் நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்குத் தன் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் பார்ப்பதில் பெரும் பிரியம். 1769-இல் சென்னை வந்த டில்லி கெட்டில் அவரை வரைந்தார். 1774-இல் வந்த ஜார்ஜ் வில்லிசன் அவரை வரைந்தே கைநிறையச் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

1783-இல் இவர்களைவிடப் பெரிய கை ஒன்று சென்னையில் வந்து இறங்கியது. பெயர் யோஹான் சோஃபனி. வயது ஐம்பது.

பிராங்பர்ட்டில் 1733-இல் பிறந்த ஜெர்மானியர். அப்பா சிற்றரசர் வீட்டுக்கு மரவேலை செய்தவர். மகன் ரோம் போய்த் தொழில் கற்று, திரியர் நகரத்து இளவரசப் பேராயரிடம் ஓவியரானார். 1760-இல் லண்டன் போனபோது சோற்றுக்கே திண்டாட்டம். கடிகார முகப்புகளில் படம் வரைந்து பிழைத்தார். டேவிட் காரிக் என்ற நாடக நடிகர் கைதூக்கிவிட, சில ஆண்டுகளில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைக்குள் நுழைந்துவிட்டார். அரசி சார்லட்டும் ஜெர்மனியில் பிறந்தவர். அலங்கார மேசை முன் அவர் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் படத்தைப் பார்த்தால் அரண்மனை என்பதைவிட ஒரு வீடு என்றுதான் தோன்றும்.

1772-இல் அரசி அவரை பிளாரன்சுக்கு அனுப்பினார். உஃபீசி கலைக்கூடத்தில் இருந்த புகழ்பெற்ற ஓர் அறையை வரைந்து வரவேண்டும், அவ்வளவுதான் வேலை. சோஃபனியோ அங்கே சுற்றிப் பார்க்க வந்திருந்த ஆங்கிலேயர் கூட்டத்தையும் அரட்டையோடு சேர்த்து வரைந்துவிட்டார். வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. கொண்டுவந்து கொடுத்தபோது அரசிக்குப் பிடிக்கவில்லை. தன் அறையில் மாட்டவும் சம்மதிக்கவில்லை. அரண்மனைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அந்தப் படம்தான் இன்று அவருடைய தலைசிறந்த படைப்பு என்று பேசப்படுகிறது. மனிதர்களை விட்டுவிட்டு வெறும் அறையை வரைய அவருக்குக் கை வரவில்லை. அதுதான் அவர் பலம் என்பேன்.

அரண்மனைக் கதவு சாத்தியபின் 1783-இல் சோஃபனி சென்னை வந்த நேரம் நம் கரைக்குப் பொல்லாத நேரம். ஹைதர் அலி தொடங்கிய போர் ஓயவில்லை; அந்த ஜூன் மாதம்தான் கடலூரை ஆங்கிலேயப் படை முற்றுகையிட்டிருந்தது. வாலாஜாவோ கடனில் மூழ்கியிருந்தார். வரி வசூலே 1781 முதல் கும்பெனியின் கையில். சோஃபனி கல்கத்தாவுக்குப் போனார், பிறகு லக்னோவுக்கு.

அங்கே நவாப் ஆசஃப் உத் தௌலாவின் சேவற்கட்டு அவர் கண்ணில் பட்டது. மார்டன்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியின் சேவலும் நவாபின் சேவலும் மோதும் களம். நம்மூர்ச் சேவற்கட்டில் நின்றவர்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை: சேவலை அணைத்துப் பிடித்திருக்கும் கைகள், எட்டிப் பார்க்கும் கழுத்துகள், மெய்மறந்து கைநீட்டி நிற்கும் நவாப். வாரன் ஹேஸ்டிங்ஸுக்காக வரைந்த அந்த ஓவியம் இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது.

கல்கத்தாவின் புனித யோவான் ஆலயத்துக்கு 1787-இல் இயேசுவின் இறுதி இராவுணவை வரைந்தார். சீடர்களுக்கு அந்த ஊர்க்காரர்களின் முகங்களையே கொடுத்தார். மேசை அருகே எச்சில் படிக்கம் போன்ற ஒரு பாத்திரம், தண்ணீர் சுமப்பவரின் தோல்பை, சேவகர் ஒருவரின் வாள். ஜெருசலேமில் நடந்த விருந்துக்கு வங்காளத்துச் சாமான்கள்! தண்ணீர்க்காரரின் தோல்பையை இயேசுவின் அருகில் வைத்தவர் நம் கரையில் ஓராண்டு தங்கியிருந்தால், உப்புப் பாத்தியில் பலகை இழுப்பவரையும் ஏதாவது ஒரு நவாபின் பக்கத்தில் நிறுத்தியிருப்பார் என்று நினைக்கும்போது ஆதங்கமாக இருக்கிறது.

1789-இல் இங்கிலாந்து திரும்பிய சோஃபனி, 1810-இல் தேம்ஸ் கரையில் உள்ள தம் வீட்டில் இறந்தார். கல்கத்தா ஓவியம் ஈரத்தில் நைந்துபோய், 2010-இல் செப்பனிடப்பட்டது. அந்த ஆலயத்துக்குள் போனால் தோல்பையை இன்றும் பார்க்கலாம்.